மகளிர் நோயும் மெய்க்காவலும்

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருளை நம் செயலாளர் அழைப்பிதழில் 'மகளிர் நலம்' என்று மட்டும் அச்சிட்டுள்ளார். அஃது அவர்தம் நாணத்தைக் காட்டுகின்றதேயன்றிப் பொருளைக் காட்டவில்லை. வெள்ளைபடுதல் என்று நம் வீடுகளிற் தாழ்ந்த குரலிற் சொல்லப்படும் நோயைப் பற்றியே யான் பேச வந்தேன். அதிலும், மருந்துண்டால் நீங்கி, இரண்டு திங்களில் மீண்டு வந்து, பின்னும் மருந்துண்டால் நீங்கி, பின்னும் வந்து, இவ்வாறே ஒரு பெண்ணின் பல ஆண்டுகளை விழுங்கிவிடுகின்ற வகையைப் பற்றி. அஃது ஏன் திரும்பத் திரும்ப வருகின்றது? உடம்பினுள் இருக்கும் காவற்படை என்ன செய்துகொண்டிருக்கின்றது? அப்படை எறியும் தீ பகையைச் சுடுகின்றதா, வீட்டைச் சுடுகின்றதா?

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணுதல் கூடும். யான் மருத்துவன் அல்லேன். மருத்துவ நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் பயின்று, ஐயம் தோன்றியவிடத்து மருத்துவரை வினவித் தெளிந்தவற்றைத் தமிழிற் சொல்லவே வந்தேன். அங்ஙனம் சொல்லத் தமிழன் கூச வேண்டுவதில்லை. அல்குல் என்னும் சொல்லைச் சங்கப் புலவர் கூசாது ஆண்டனர். அதற்கு இடையின் கீழ்ப்பகுதி என்று பொருள் கூறுவாரும், பெண்ணுறுப்பு என்றே கூறுவாரும் இன்றளவும் வழக்காடுகின்றனர். அவ்வழக்கு ஈண்டு நமக்கு வேண்டா. யான் யோனி என்னும் சொல்லையே ஆளுவேன். அது மருத்துவ நூல்களில் வழங்குவது, வசைச்சொல் அன்று. வசையாக்கினோர் வாய்தான் குற்றமுடையது.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். யோனியினின்று சிறிது நீர் கசிதல் நோயன்று. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுநாட்களில் அது முட்டையின் வெண்கரு போல வழுவழுப்பாக மிகும். கருவுற்ற காலத்திலும் மிகும். நாற்றம், அரிப்பு, எரிச்சல், நிறவேறுபாடு, தயிர்த்திப்பி போன்ற கட்டி, இவற்றுள் ஒன்று சேருமாயின் அப்பொழுதே நோயென ஐயுறல் வேண்டும். நம் ஊர்ப்புறங்களில் வெள்ளைபடுதலால் எலும்பு உருகி வெளியேறுகின்றது என்று கூறுவர். பல தாய்மார் முதுகுவலியையும் சோர்வையும் தலைச்சுற்றலையும் அதன்மேற் சுமத்துவர். எலும்பு உருகுவதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. கோவாவில் ஏறத்தாழ 2500 பெண்களை ஆராய்ந்து 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, வெள்ளைபடுதலென்று முறையிட்ட மகளிர் பலரிடத்தும் கிருமிநோயைக் காட்டிலும் மனத்துயரும் உடற்சோர்வும் வீட்டுத் துன்பமுமே அம்முறையீட்டோடு நெருங்கிய தொடர்புடையன என்று கண்டது. வாய்விட்டுச் சொல்ல இயலாத துயரத்தை மகளிர் இந்நோயின் பெயராற் சொல்லுகின்றனர் போலும். அத்தகையோர்க்குக் கிருமிக்கொல்லி மாத்திரை கொடுப்பதால் யாது பயன்?

நிற்க. உண்மையான நோய்க்கு வருவோம்.

செருமனி நாட்டு மகப்பேற்று மருத்துவர் ஆல்பெர்ட் தோடர்லைன் என்பார், 1892-ஆம் ஆண்டில், நலமுடைய மகளிரின் யோனிநீரில் கோல் வடிவான நுண்ணுயிர்கள் நிறைந்திருத்தலை விளக்கி எழுதினார். கிருமி என்றாலே பகை என்று உலகம் அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. இவ்வுயிர்களோ பகையல்ல, வாயிற்காவலர். தயிரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் சுற்றத்தைச் சேர்ந்தவை. லாக்டோபேசில்லஸ் என்பது அவற்றின் இனப்பெயர். பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜன், யோனியின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேமித்து வைக்கின்றது. உதிரும் அணுக்களிலுள்ள அம்மாவு சிறு சர்க்கரைகளாக உடைபட, லாக்டோபேசில்லஸ் அவற்றையுண்டு லாக்டிக் அமிலத்தை உமிழ்கின்றது. அதனால் யோனி புளிப்புடையதாகின்றது. புளிப்பை அளக்கும் பி.எச். என்னும் எண்ணால் தூய நீர் 7, குருதி 7.4, நலமுடைய யோனிநீரோ 3.8-க்கும் 4.5-க்கும் இடைப்பட்டது. ஓரெண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு மிகும் என்பது அவ்வளவையின் இலக்கணம். ஆகவே குருதியை நோக்க யோனிநீர் ஆயிரம் மடங்கு அளவிற் புளிப்புடையது என்க. பகைக்கிருமிகள் பலவற்றுக்கு அப்புளிப்பு ஆகாது.

நம் பாட்டிமார் மோரை உறையூற்றி வைத்த பானையில் வேறு கெடுதி எளிதிற் சேராமை அறிவீர்களன்றோ? அதுவே இது. இதனை அறியாதார், 'உள்ளே சுத்தம் செய்கின்றேன்' என்று வாசனைச் சவர்க்காரத்தையும் கிருமிநாசினி நீரையும் உள்ளே செலுத்திக் கழுவுகின்றனர். காவலரைக் கொன்று கதவைத் திறந்து வைத்தல் போன்றது அச்செயல். புறத்தே தூய நீராற் கழுவுதல் போதும். உட்புறம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். யோனிக்குள் நீர் பாய்ச்சிக் கழுவும் பழக்கத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பிருத்தலைப் பல ஆராய்ச்சிகள் கண்டுள்ளன.

ஈஸ்ட்ரோஜன் குறையுங்காலத்து, அஃதாவது மாதவிடாய் நின்ற பின்னர், மாவுச் சேமிப்புக் குறையும், காவலர் குறைவர், புளிப்பும் குறையும். அறுபது வயதுப் பாட்டிக்கு எரிச்சல் என்றால் 'இந்த வயதிலா' என்று நகைப்பார் சிலர். அந்த வயதிலுந்தான்.

இனிப் பகைவரைக் கூறுவேன். மூவகையினர் முதன்மையானவர். கான்டிடா என்னும் பூஞ்சை ஒன்று. அரிப்பும் தயிர்த்திப்பி போன்ற வெள்ளையும் அதன் குறி. இரண்டாவது தனியொரு பகைவன் அன்று, ஒரு கும்பல். லாக்டோபேசில்லஸ் குறைந்தவிடத்துக் கார்ட்னரெல்லா முதலிய பல பாக்டீரியாக்கள் கூடிப் பெருகுதல். பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று மருத்துவர் கூறுவர். மீன் நாற்றம் அதன் குறி. மூன்றாவது டிரைக்கோமோனாஸ் என்னும் ஓரணு உயிர். பாரிஸ் நகரத்து ஆல்பிரெட் தொன்னே 1836-இல் நுண்பெருக்கியிற் கண்டது. இது கணவன் மனைவியரிடை உடலுறவாற் பரவுவது. இருவரும் ஒருங்கே மருந்துண்டாலன்றி நீங்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாக 15 கோடியே 60 இலட்சம் பேருக்கு இது தொற்றியது. இதனைப் பற்றி இவ்வளவு போதும்; ஏனை இரண்டுமே மீண்டும் மீண்டும் வருவதிற் பெயர் பெற்றவை.

நால்வரில் மூவர்க்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் கான்டிடா நோய் வரும் என்பர். அவருட் சிலருக்கு ஓராண்டில் மூன்றும் அதற்கு மேற்பட்ட முறையும் வருகின்றது. அதனையே திரும்ப வரும் நோய் என்று இப்பொழுது வரையறுக்கின்றனர். முன்னர் நான்கு என்று கொண்டிருந்தனர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13 கோடியே 80 இலட்சம் மகளிர் இவ்வாறு வருந்துகின்றனர் என்று 2018-இல் வெளிவந்த கணக்கொன்று கூறுகின்றது. இவ்வளவு பெருந்தொகையினர் வருந்தும் நோயைப் பற்றி ஓரவையிற் பேசுதற்கு நாம் இவ்வளவு தயங்குகின்றோம்!

இனி மெய்க்காவலைப் பற்றிச் சொல்லுவேன். 1882-ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த உருசிய அறிஞர் மெச்னிக்காவ், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ரோசாமுள் ஒன்றைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் நோக்கியபொழுது, அலையும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. உடம்பிற் புகுந்த பகையை விழுங்கும் அணுக்கள் உண்டு என்னும் அவர்தம் கொள்கைக்கு அதுவே வித்து. 1908-இல் அவருக்கு நோபெல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பெற்றது. அவரே பிற்காலத்தில் புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று கூறி, நாள்தோறும் அதனை உண்டும் வந்தார். விழுங்கணுவும் புளிப்புயிரும் ஆகிய நம் இன்றைய இரு பொருள்களையும் ஒருவரே போற்றியது வியப்பன்றோ?

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் மிகுதியானது நியூட்ரோபில் என்பது. அது கிருமியை விழுங்கியவுடன் திடீரென்று ஆக்ஸிஜன் என்னும் உயிர்வளியை மிகுதியாக இழுத்து, அதனைச் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைப்போகுளோரஸ் அமிலம் முதலிய கொடும்பொருள்களாக மாற்றிப் பகையின்மேற் சொரிகின்றது. பின்னர்க் கூறியது வெளுக்கும் தூளின் ஆற்றலாயிருப்பதுவே. நம்மை உயிர்ப்பிக்கும் வளியே படைக்கலமும் ஆகின்றது. இப்படைக்கலத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகள் சிலர் உளர். அவர்தம் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குகின்றன, கொல்ல இயலவில்லை. அக்குழந்தைகள் மீண்டும் மீண்டும் கொடிய தொற்றுக்கு ஆளாகின்றனர். ஆகலின் இத்தீ வேண்டாத தீ அன்று.

ஆயினும் தீக்குத் தன் வீடு பிறர் வீடு என்னும் வேறுபாடு தெரியாது. சிதறிய பொறி நம் அணுக்களின் கொழுப்புச் சவ்வையும் புரதத்தையும் மரபிழையையும் சுடும். அதனை அணைத்தற்குரிய நீர்ச்சால்களையும் உடம்பே வைத்திருக்கின்றது. குளுட்டாதயோன் ஒன்று, கட்டலேசு ஒன்று, சூப்பராக்சைடைச் சிதைக்கும் நொதி ஒன்று. இந்நொதியை அமெரிக்க நாட்டு மக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் அறிவித்தனர். தீ மிகுந்து நீர்ச்சால் பற்றாமற்போகும் நிலையையே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கின்றோம். செருமனி அறிஞர் ஹெல்முட் சீஸ் 1985-இல் அப்பெயராலேயே ஒரு நூலைப் பதிப்பித்து அக்கருத்தை நிலைநாட்டினார்.

இதனை யோனிநோய்க்குப் பொருத்திப் பார்ப்போம். கான்டிடா நோய் அடிக்கடி வரும் பெண்ணுக்கு எதிர்ப்பாற்றல் குறைவு என்று நெடுங்காலம் எண்ணினர். நம் ஊர் மருந்துக்கடைக்காரர் இன்றும் அதனையே கூறிச் சத்து மாத்திரை விற்கின்றார். 2004-ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்சு நகரத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஒரு சோதனை அவ்வெண்ணத்தைப் புரட்டியது. மனமுவந்து முன்வந்த நலமுடைய பெண்களின் யோனியில் உயிருள்ள கான்டிடாவைச் சிறிதளவு வைத்துப் பார்த்தனர். பெரும்பாலோர்க்கு யாதும் நேரவில்லை. சிலருக்கே அரிப்பும் எரிச்சலும் தோன்றின. யாருக்கு நோய்க்குறி தோன்றியதோ அவரிடத்தேதான் நியூட்ரோபில் படை வந்து குவிந்திருந்தது. நோய்க்குறி தோன்றாதவரிடத்துப் படை வரவில்லை. அஃதாவது, அவர்களைக் காத்தது படையின் வலிமை அன்று; படை வாராமையே. நோயாளியைத் துன்புறுத்துவது பூஞ்சை மட்டும் அன்று, பூஞ்சையைக் கண்டு வெகுண்டெழுந்த தன் படையே.

படையை வெகுளச் செய்வது எது? கான்டிடா இருவகை உருவம் எடுக்க வல்லது. உருண்டை வடிவில் இருக்கும்பொழுது உடம்பு அதனைப் பெரிதாக மதிப்பதில்லை. அதுவே நூலாக நீண்டு உட்சுவரைத் துளைக்கப் புகும்பொழுது கான்டிடாலைசின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றது. இதனை 2016-இல் இலண்டனிலும் செருமனியின் யேனா நகரிலும் உள்ள அறிஞர் கூடிக் கண்டறிந்தனர். 31 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் அது. சுவரின் அணுக்களைத் துளைத்துச் சேதப்படுத்த, அவ்வணுக்கள் அபாய முரசு கொட்டுகின்றன, நியூட்ரோபில் திரள்கின்றது. திரண்ட படை பகையை அழித்தாலும் ஒருவாறு பொறுக்கலாம். அதுவும் இல்லை! எலிகளில் நிகழ்த்திய ஆராய்ச்சியில், யோனியிலுள்ள ஹெப்பரன் சல்பேட்டு என்னும் பொருள் பூஞ்சையையும் வெள்ளணுவையும் பற்றவொட்டாமல் தடுத்துவிடுதல் காணப்பட்டது. கண்டபடி தீயெறிந்து ஊரைச் சுடும் படை பகைவனைத் தொடவும் மாட்டாமல் நிற்கின்றது. கான்டிடாவோ கட்டலேசையும் சூப்பராக்சைடைச் சிதைக்கும் நொதிகளையும் தானே உடையது. தன்மேல் விழும் பொறியைத் தானே அணைத்துக்கொள்ளும். எரிவது பெண்ணின் உடம்பு.

மெய்யாகவே காவல் குறைந்த குடும்பங்களும் சில உண்டு. பூஞ்சையின் மேலோட்டை இனங்காணும் டெக்டின்-1 என்னும் உணர்கருவி பிறவியிலேயே குறைபட்டிருந்த ஒரு நெதர்லாந்துக் குடும்பத்தைப் பற்றி 2009-இல் எழுதினர். அக்குடும்பத்துப் பெண்களுக்கு யோனிப் பூஞ்சைநோயும் நகப்பூஞ்சையும் திரும்பத் திரும்ப வந்தன. எனவே தாய்க்கும் மகளுக்கும் ஒருங்கே இந்நோய் இருப்பின், 'தூய்மை அற்ற வீடு' என்று தூற்றுதல் அறியாமை. மரபும் காரணமாயிருத்தல் கூடும்.

மற்றொரு காரணத்தைச் சற்று நின்று கூறுவேன். ஏனெனில் நம்மிடையே அது மிகுதி. எனக்கு அத்தை முறையாகும் அம்மையார் ஒருவர், நான்காண்டுகள் இவ்வரிப்பால் வருந்தினார். மருமகளிடமும் சொல்லார், மகனிடம் சொல்லவே மாட்டார். பேரனிடம் 'அரிப்புக்கு மாத்திரை' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து வாங்கியுண்பார். அம்மாத்திரை எதற்குரியதென்று கொடுத்தவர்க்கும் தெரியாது, கொண்டவர்க்கும் தெரியாது. கடைசியிற் காலில் ஒரு புண் ஆறாதபொழுதுதான் குருதியைச் சோதித்தனர். சர்க்கரை அளவு முந்நூற்றைக் கடந்திருந்தது. சர்க்கரை அடங்கியது; புண் ஆறியது; அரிப்பும் விட்டது. நான்காண்டுத் துன்பத்திற்கு ஒருநாட் சோதனை விடையாயிற்று. சர்க்கரைநோய் முற்றியவரிடத்துப் பூஞ்சைக்கு உணவும் மிகுகின்றது. வெள்ளணுவின் திறமும் குன்றுகின்றது. ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும் ஏறுகின்றது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளை உண்பவர்க்கும் இந்நோய் வரக்கூடும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிக, தாமே நிறுத்திவிடற்க. காய்ச்சலுக்கும் சளிக்கும் தாமே வாங்கியுண்ணும் கிருமிக்கொல்லிகள் காவலராகிய லாக்டோபேசில்லசையும் சேர்த்துக் கொல்லுதலால், அவற்றின் பின்னேயும் பூஞ்சை தலையெடுக்கும்.

பாக்டீரியல் வஜைனோசிஸ் இதற்கு நேர்மாறானது. அங்கே முரசு சரியாகக் கொட்டப்படுவதில்லை. அணுக்கள் பகையை உணர்ந்து சில குறிகளை வெளியிட்டும், நியூட்ரோபில் படை அதற்கேற்பத் திரள்வதில்லை. அதனாலேயே அதற்கு அழற்சி என்று பொருள்படும் பெயர் இடாமல் வேறு பெயர் இட்டனர். அக்கும்பல் சியாலிடேசு என்னும் நொதியால் யோனியைப் போர்த்திருக்கும் சளிப்போர்வையைத் தின்கின்றது. அன்றியும், 2005-இல் பெர்லின் அறிஞர் காட்டியவாறு, உட்சுவரின்மேல் ஒட்டிப் பாசி போலப் படலம் அமைத்துக்கொள்கின்றது. படிக்கட்டுப் பாசியின் மேல் ஒருகுடம் நீர் ஊற்றினால் மேற்பகுதி கழுவப்படும், வேர் நிற்கும், மறுவாரமே பசுமை திரும்பும். மாத்திரையும் அவ்வாறே. மெட்ரோனிடசோல் உண்ட மகளிரைத் தொடர்ந்து நோக்கிய ஆஸ்திரேலிய ஆராய்ச்சியொன்றில், ஓராண்டிற்குள் 58 விழுக்காட்டினர்க்கு நோய் திரும்பியது. அது 2006-இல் வெளிவந்தது. மருந்து பொய் என்பது கருத்தன்று. அந்நேரத்திற்கு அது பயன்படுகின்றது. கருவுற்ற பெண்ணுக்கு இந்நோய் இருப்பின் குறைமாதப் பிறப்பிற்கு வாய்ப்பு மிகுதலால், நாற்றம் தோன்றியவுடன் மருத்துவரிடம் உரைத்தல் கட்டாயம்.

ஈண்டு ஆக்ஸிஜன் பற்றிய ஒரு சுவையான வழக்கைச் சொல்லவேண்டும். லாக்டோபேசில்லஸ் சிலவும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் செய்ய வல்லவை. சியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர் 1989-இல் ஆய்ந்தபொழுது, அத்தகைய காவலர் நலமுடைய மகளிரிடம் மிகுந்தும் நோயுற்றவரிடம் அருகியும் இருத்தலைக் கண்டனர். உடனே, காவலரும் வெள்ளணுவைப் போலவே தீயெறிந்துதான் பகையைக் கொல்லுகின்றனர் என்று உலகம் கொண்டது. இருபதாண்டுகள் அக்கொள்கை நின்றது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால்டிமோர் நகரத்தார் ஆராய்ந்து, யோனியில் ஆக்ஸிஜனே குறைவு என்பதையும், செய்யப்பட்ட பெராக்சைடையும் யோனிநீர் அணைத்துவிடும் என்பதையும், அதனை மிக அதிகமாகச் சேர்த்தாற் பகைவரினும் காவலரே முந்திச் சாகின்றனர் என்பதையும் காட்டினர். பகையை அடக்குவது தீயன்று, புளிப்பே. வாள் உடையவன் ஒருவன் வாயிலில் நின்றான், திருடர் வரவில்லை; ஆகவே வாளாலே திருடர் அஞ்சினர் என்று முடிவு கட்டினோம். அவன் பூட்டிய பூட்டைக் காணவில்லை. தருக்கம் பயில்வார்க்கு இது நல்ல பாடம்.

'ஆக்ஸிஜனேற்ற அழுத்தந்தான் குற்றமெனில், அதனை எதிர்க்கும் மாத்திரை உண்டால் தீருமே' என்று கேட்பீர்கள். விளம்பரங்கள் அவ்வாறே கூறுகின்றன. யான் தேடிப் பார்த்தவரையில், நோயுற்ற மகளிரின் குருதியிலும் யோனிநீரிலும் அவ்வழுத்தத்தை அளந்த ஆராய்ச்சிகள் உண்டு, பெரும்பாலும் சிறியவை. அழுத்தம் நோயைக் கொண்டுவந்ததா, நோய் அழுத்தத்தைக் கொண்டுவந்ததா என்று அவை பிரித்து நிறுவவில்லை. நெல்லிக்கனியும் கீரையும் உண்க, அவை நல்லுணவு. ஆயின் நோயைத் திரும்பவொட்டாமல் தடுக்கும் மருந்தென்று நூறு ரூபாய் மாத்திரை விற்பானை நம்பற்க. புகையிலையை விடுதலே அப்பணத்தினும் பயனுடையது.

திரும்ப வரும் பூஞ்சைக்கு மெய்ப்பிக்கப்பட்ட வழி ஒன்று உண்டு. முதலில் நோயை அடக்கிவிட்டுப் பின்னர்க் கிழமைக்கொருமுறை ஃபுளூக்கோனசோல் 150 மில்லிகிராம் ஆறு திங்கள் உண்ணுதல். 2004-இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில், ஆறு திங்கள் முடிவில் மருந்துண்டவருள் 90 விழுக்காட்டினர்க்கு மேல் நோயின்றி இருந்தனர். வெறுமாத்திரை உண்டவருள் 36 விழுக்காட்டினரே. ஆயின் மருந்தை நிறுத்தி மேலும் ஆறு திங்கள் கழிந்தபின் நோயின்றி இருந்தவர் 43 விழுக்காட்டினர் ஆயினர். நன்மையும் உண்டு, எல்லையும் உண்டு. இம்மாத்திரையைக் கருவுற்றோர் உண்ணலாகாது. அவர்க்கு உள்வைக்கும் மருந்தே ஏற்றது. எந்த நோய் என்று நுண்பெருக்கியிற் பாராமல் பூஞ்சை மருந்தைப் பாக்டீரியா நோய்க்கும் மற்றதை இதற்கும் உண்பது காசுக்கும் கேடு, உடம்பிற்கும் கேடு. யோனிநீர் ஒரு துளியும், நிறம் மாறும் தாள் ஒன்றும், நுண்பெருக்கி ஒன்றும் இருந்தால் மூன்றையும் பெரும்பாலும் வேறு பிரிக்கலாம், பெருஞ்செலவு இல்லை.

காவலரையே குடியேற்றும் முயற்சியும் நடைபெறுகின்றது. லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்னும் நல்லினத்தைத் தூளாக்கி, மருந்துண்ட மகளிரின் யோனியில் வைத்துச் சோதித்தனர். 12 வாரங்களில் நோய் திரும்பியவர், வைத்தவருள் 30 விழுக்காடு, வையாதவருள் 45. இது 2020-இல் வெளிவந்தது. எருசலேம் நகரில் நலமுடைய பெண்ணின் யோனிநீரையே ஐந்து பெண்களுக்கு மாற்றி வைத்ததையும், நால்வர் நெடுநாள் நலம் பெற்றதையும் 2019-இல் அறிவித்தனர். ஐவர் என்பது மிகச் சிறுதொகை. வீட்டுத் தயிரை உள்ளே வைத்துப் பார்க்கலாமா என்று யாரும் இதனின்று துணிந்துவிட வேண்டா. தயிரில் இருப்பது வேறினம்.

இறுதியாக ஆடவர்க்கு ஒரு சொல். யான் இக்கூட்டத்திற்கு நீங்களும் வரவேண்டும் என்று வற்புறுத்தியதே இதற்காக. பாக்டீரியல் வஜைனோசிஸ் பெண்ணுக்கு உரிய நோய், கணவனுக்கு மருந்து வேண்டியதில்லை என்று மருத்துவ நூல்களே நெடுங்காலம் கூறின. கணவர்க்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்த பழைய சோதனைகள் பயன் காட்டாமையே அதற்குக் காரணம். மெல்போர்ன் நகரத்தார் வேறோர் வழி கண்டனர். அக்கிருமிகள் ஆடவனுடைய உறுப்பின் தோலிலும் தங்குதலால், மாத்திரையோடு கிளிண்டாமைசின் களிம்பையும் ஏழு நாட்கள் பூசச் செய்தனர். 164 இணையர் அச்சோதனையிற் சேர்ந்தனர். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தவிடத்து 12 வாரங்களில் 63 விழுக்காட்டினர்க்கு நோய் திரும்பியது. இருவர்க்கும் கொடுத்தவிடத்து 35 விழுக்காட்டினர்க்கே திரும்பியது. வேறுபாடு அவ்வளவு தெளிவாயிருந்தமையால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டனர். இம்முடிவு 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியாயிற்று. பூஞ்சைநோய்க்கு இவ்வாறு கணவனுக்கு மருந்து பொதுவாக வேண்டியதில்லை. மற்ற இரண்டிற்கும் கணவன் மருத்துவரிடம் உடன் சென்றாக வேண்டும்.

உடன் செல்லுங்கால் மனைவியை ஐயுற்று வினாவி வருத்தற்க. இக்கும்பற்கிருமி பெருகுதற்குக் காரணம் பல. டிரைக்கோமோனாஸும் ஆடவன் உடம்பில் யாதொரு குறியுமின்றி மறைந்திருக்க வல்லது. பெண்ணுடம்பிலும் நெடுநாள் வாளா இருந்து பின்னர் வெளிப்படும். இன்று தோன்றிய குறியைக் கொண்டு நேற்றைய ஒழுக்கத்தை அளக்க எந்தக் கருவியும் இல்லை. நம் உறவினருள்ளேயே, கணவன் வீட்டார் இந்நோயைக் காரணங்காட்டித் தாய்வீட்டிற்கு அனுப்பிவிட்ட பெண் ஒருத்தியை யான் அறிவேன். அவளுக்கு வேண்டியிருந்தது ஏழு நாள் மருந்து, அதுவும் இருவர்க்கு.

முன்வரிசையில் அமர்ந்துள்ள பெண் மருத்துவர் அம்மையார் நம் அழைப்பிற்கிணங்கி வந்துள்ளார். பேச்சு முடிந்தபின் தாய்மாரும் பெண்பிள்ளைகளும் கிழக்கறையில் அவரைத் தனியே கண்டு கேட்கலாம். பெயர் எழுதும் ஏடு அங்கே வைக்கப்படவில்லை. ஆடவர் இவ்விடத்திலேயே இருந்து என்னை வினவுக. எனக்கு விடை தெரியாதவற்றைத் தாளில் எழுதித் தந்தால் அம்மையாரிடம் கேட்டு அடுத்த திங்கள் ஏட்டில் விடையளிப்பேன்.